உம்மாவின் கபுறுக்கு மகள் போகலாமா?

1

என் மனைவி நஸீஹாவின் போனை நான் இன்னும் நிறுத்தவில்லை. அதில் ஐந்து நேரமும் பாங்கு சொல்லும். மெல்பர்னில் நாங்கள் இருக்கிற பக்கத்தில் பள்ளிவாசலின் பாங்கு வெளியே கேட்காது. குசினி யன்னலோரத்தில் இருந்து அந்தப் போன்தான் எங்கள் வீட்டுக்குச் சொல்கிறது. அவள் மௌத்தான பிறகும் அதைச் சார்ஜில் போடுவது என் நாளாந்த வேலைகளில் ஒன்று.

ஒன்பதாவது மாதத்தில் ஒரு புதன்கிழமை, நான் வேலைக்குப் போகாமல் வீட்டில் நின்ற நாள், பாங்கு நேரமல்லாத நேரத்தில் அது அடித்தது.

"ஹனாவின் அம்மாவுடன் பேசலாமா?" என்று ஆங்கிலத்தில் ஒரு பெண் கேட்டாள்.

"நான் ஹனாவின் தகப்பன்."

மகளின் பாடசாலை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று நாள் முகாமுக்குப் போகிறார்களாம். ஹனாவின் சம்மதப் படிவம் மட்டும் வரவில்லை. "கேட்டால், அம்மாதான் தீர்மானிக்க வேண்டும், அவர் இலங்கைக்குப் போயிருக்கிறார் என்கிறாள். எங்களிடம் இந்த இலக்கம்தான் இருக்கிறது. அம்மா எப்போது திரும்பி வருவார்?"

"அவர் இங்கே இல்லை" என்றேன்.

"அது தெரியும். எப்போது வருவார்?"

மகள் சொன்ன அதே பொய்யை நானும் சொல்லிவிட்டு நின்றேன். அடுப்பில் தேநீருக்கு வைத்த தண்ணீர் கொதித்தது. அதை அணைத்தேன். பிறகு, என் மனைவி ஜனவரியில் இறந்துவிட்டார் என்று சொன்னேன். 

"எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே" என்றாள் அந்தப் பெண்.

2

உண்மை. நான்தான் சொல்லவில்லை.

எங்கள் ஊரான நிந்தவூரில் ஒருவர் மௌத்தானால் யாரும் யாருக்கும் அறிவிக்க வேண்டியதில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி, ஜனாஸா இன்ன நேரம் என்று சொல்லிவிடுவார்கள். அடுத்த தெருவில் மீன் விற்பவர் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்பார். மகளின் வகுப்பாசிரியை மறுநாளே வீட்டில் வந்து உட்கார்ந்திருப்பார். மையித்து வீட்டில் அடுப்பு எரியாது. அயலவர் வீட்டுச் சோறு வரும்.

இங்கே ஒவ்வொரு இடத்துக்கும் நானே சொல்ல வேண்டியிருந்தது. வங்கிக்குச் சொன்னேன். மின்சாரக் கம்பனிக்கு மரணச் சான்றிதழின் பிரதி அனுப்பினேன். நூலகத்துக்கும் சொன்னேன், அவள் எடுத்த சமையல் புத்தகம் ஒன்று திரும்பக் கொடுபடாமல் இருந்ததால். ஹனாவின் புதிய பாடசாலைக்குச் சொல்லவில்லை. நஸீஹா மௌத்தானது கோடை விடுமுறையில். பாடசாலை தொடங்கியது மூன்று கிழமை கழித்து. சேர்க்கைப் படிவத்தை அதற்கு முந்திய வருடமே நஸீஹா தன் கையெழுத்தில் நிரப்பிக் கொடுத்திருந்தாள். தாய் என்ற இடத்தில் அவளுடைய பெயரும் இலக்கமும் அழகாக இருந்தன. அதை மாற்றச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்கும்வரை நான் காத்திருந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

மூளையில் இரத்தக் கசிவு. இரண்டே நாள் ஆஸ்பத்திரியில். முதல் நாள் பின்னேரம் ஹனாவைக் கூட்டிப் போய்க் காட்டினேன். குழாய்களும் திரைகளுமாக இருந்ததால் பிள்ளை பயந்து கால்மாட்டிலேயே நின்றாள். இரண்டாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. மையித்து ஆஸ்பத்திரியில் இருந்து நேரே பள்ளிவாசலுக்குப் போனது. அங்கே பெண்கள் குளிப்பாட்டிக் கபன் துணி போர்த்தினார்கள். ஜனாஸாத் தொழுகைக்கும் அடக்கத்துக்கும் போவதற்காக நான் வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றியபோது ஹனா வாசலில் நின்றாள். சப்பாத்துப் போட்டிருந்தாள்.

"வாப்பா, நானும் வாறன்."

"இல்ல மகள். மையவாடிக்குப் பொம்புளைகள் போற இல்ல."

வீட்டுக்கு வந்திருந்த இரண்டு பெண்கள் அவளை உள்ளே கூட்டிப் போனார்கள். நான் திரும்பி வந்தபோது அவள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள், சப்பாத்தைக் கழற்றாமலே.

அன்று நான் செய்தது சரியா பிழையா என்ற யோசனையே எனக்கு வரவில்லை. என் வாப்பா மௌத்தானபோது என் சகோதரிகள் மையவாடிக்குப் போகவில்லை. ஊரில் யார் வீட்டுப் பெண்களும் போவதில்லை. ஆண்கள் மையித்து வைத்த சந்தூக்கைத் தூக்குவோம், பெண்கள் வீட்டில் இருந்து ஓதுவார்கள். எனக்குத் தெரிந்த ஒழுங்கு அதுதான். அதன்படி நடந்தேன்.

3

பாடசாலையின் நலன்புரி ஆசிரியை லூயிஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போகும் வழியெல்லாம் எனக்கு ஒரே பயம். தாயில்லாத பிள்ளை, பொய் சொல்கிறாள், தகப்பன் கவனிப்பதில்லை என்று எழுதி ஒரு கோப்புத் திறந்துவிடுவார்கள். கோப்புத் திறந்தால் அரசாங்கம் பிள்ளையைக் கொண்டு போய்விடும். நம்மவர்கள் ஒவ்வொரு விருந்திலும் இப்படி ஒரு கதை சொல்வார்கள். யாருக்கு நடந்தது என்று கேட்டால் பெயர் வராது.

லூயிஸ் கோப்பு எதையும் திறக்கவில்லை. ஒரு தாளை நீட்டினார்.

"இவற்றில் எதையாவது முயன்று பார்த்தீர்களா?"

துக்கத்தில் இருப்பவர்களுக்கான தொலைபேசிச் சேவை, ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர், குடும்ப வைத்தியர், தாயையோ தகப்பனையோ இழந்த பிள்ளைகள் சனிக்கிழமை காலைகளில் கூடுகிற ஒரு குழு. நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசையில் ஒரு பெட்டி நிறைய வர்ணப் பென்சில்கள்.

அந்தப் பென்சில்களை நான் முன்பும் கண்டிருக்கிறேன். சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரத்துக்கு வெளிநாட்டவர்கள் வந்து கூடாரங்களில் பிள்ளைகளுக்குப் பென்சில் கொடுத்து, மனதில் இருப்பதை வரையச் சொன்னார்கள். நான் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் படிப்பை முடித்துவிட்டு நின்ற காலம் அது. கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும் என்பதால் அவர்களுக்கு மொழிபெயர்த்தேன். பிள்ளைகள் கடலை வரைந்தார்கள், கறுப்பில். என்னோடு நின்ற இன்னொரு ஆசிரியர் காதுக்குள் சொன்னார், "பென்சிலக் குடுத்தாக் கடல் எடுத்ததத் திருப்பித் தருமா மச்சான்?" நானும் சிரித்தேன். அப்போது எனக்குக் கலியாணமாகவில்லை. பிள்ளை என்றால் என்னவென்று தெரியாது.

வீட்டுக்கு வந்து ஆஸ்பத்திரிக் கடிதங்களைக் கிளறினேன். சமூகப் பணியாளரின் கடிதம் பிப்ரவரியிலேயே வந்திருந்தது. இனி என்ன பரிசோதனை முடிவு என்று நினைத்து உறையைக் கிழிக்காமலே வைத்திருந்தேன். 'உங்களுக்கும் உங்கள் மகளுக்கும்' என்று அதில் எழுதியிருந்தது. மகளின் பெயரையும் சரியாக எழுதியிருந்தார்கள்.

லூயிஸ் கொடுத்த தாள் காரிலேயே கிடந்தது. எழுந்து போய் அதை எடுப்பதற்குப் பதிலாக இணையத்தில் ஓர் இலக்கத்தைத் தேடி அடித்தேன். என் அஞ்சல் இலக்கத்தைக் கேட்டார்கள். சொன்னேன். "மன்னிக்க வேண்டும், நீங்கள் எங்கள் மாநிலம் இல்லை." துக்கத்துக்கும் மாநில எல்லை இருக்கிறது என்று அன்றுதான் அறிந்தேன். ஆனால் அந்தப் பெண் போனை வைக்கவில்லை. எங்கள் விக்டோரியாவுக்கு உரிய இலக்கத்தைத் தேடித் தந்து, எழுதிவிட்டீர்களா என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் வைத்தாள்.

பதினாறு வருடமாக இங்கே ஒரு மருந்துக் களஞ்சியத்தில் இங்கிலீஷில்தான் வேலை செய்கிறேன். ஆனால் அந்த இலக்கத்தை அடித்தபோது எனக்கு வசனம் வரவில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்றார்கள். வேண்டும் என்றேன். இணைப்பில் வந்தவர் ஒரு தமிழ்நாட்டுப் பெண்.

"வணக்கம் சார். சொல்லுங்க."

"என்ட மனிசி மௌத்தாகிட்டா."

"சாரி சார், என்ன ஆயிட்டாங்க?"

"இறந்திட்டா" என்றேன். அப்படிச் சொன்னபோது அது வேறு யாருடையவோ மனைவியைப் பற்றிய செய்தி போல இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு தடையில்லாமல் கதைத்தேன். அந்தப் பெண் வசனம் வசனமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். முக்கால் மணித்தியாலம். நஸீஹாவைப் பற்றி அவ்வளவு நேரம் அதற்கு முன் நான் யாரிடமும் கதைத்ததில்லை.

4

"டெட் மம் க்ளப்புக்கு நான் வர மாட்டன்" என்றாள் ஹனா.

"க்ளப் இல்ல மகள். சும்மா புள்ளைகள் சேர்ந்து..."

"வாப்பா. நோ."

அவளோடு வாதாடி வெல்ல என்னால் ஏலாது. வீட்டில் எனக்கு அவள் சொல்வது பாதி விளங்காது, நான் சொல்வது பாதி அவளுக்கு விளங்காது. நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் சொல்லிக்கொடுத்தவள் போய்விட்டாள். ஆகவே அந்தச் சனிக்கிழமை நான் மட்டும் போனேன். பிள்ளைகள் ஓர் அறையில் இருக்கும்போது பெற்றோர்கள் அடுத்த அறையில் வட்டமாக உட்காருகிறார்கள். எங்கள் முறை வந்தால் கதைக்கலாம், வேண்டாமென்றால் அடுத்தவருக்கு விடலாம். நான் விடலாம் என்று நினைத்துப் போனவன்.

திரும்பி வந்தபோது ஹனா கேட்டாள், "என்ன செய்தாங்க அங்க?"

"தேத்தண்ணி தந்தாங்க. பிஸ்கட் நல்லம்."

"நீங்க அழுதீங்களா?"

"ஓம்."

"எல்லாருக்கும் முன்னாலயா?"

"ஓம்."

"ஓ மை கோட், வாப்பா." தலையில் கை வைத்தாள். "ஸோ எம்பரஸிங்."

அடுத்த சனிக்கிழமை நான் காரைத் திருப்பும்போது முன் கதவைத் திறந்துகொண்டு வந்து உட்கார்ந்தாள். "பிஸ்கட்டுக்குத்தான்" என்றாள்.

நாலாவது கிழமை பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். மனதில் ஒரு கேள்வி இருந்தால் எழுதலாம், விரும்பினால் உரியவரிடம் கொடுக்கலாம். வீட்டுக்கு வரும் வழியில் சிவப்பு விளக்கில் கார் நின்றபோது மடித்த தாள் ஒன்றை என் மடியில் வைத்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊதா நிறப் பென்சிலில், இங்கிலீஷில் எழுதியிருந்தாள். தமிழில் இப்படி வரும்: 'நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றேன். ஏன் என்னை விட்டுவிட்டுப் போனீர்கள்? உம்மாவை எங்கே வைத்தீர்கள்?'

பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்தான். விளக்கு பச்சைக்கு மாறியதை நான் கவனிக்கவில்லை.

5

உம்மாவை அடக்கிய கபுறுக்குக் கூட்டிப் போவது என்று அன்றே சொல்லியிருக்கலாம். என்னால் ஏலவில்லை. தாயை இந்த நாட்டுக்குக் கொண்டு வந்தவன் நான். மகளையும் வெள்ளைக்காரப் பழக்கத்துக்கு விட்டுவிட்டான் என்று நஸீஹாவின் குடும்பம் சொன்னால் என்ன பதில் சொல்வது? முதலில் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டேன். அவரும் நம் நாட்டவர். கபுறைக் காணும் ஸியாரத்துக்குப் பெண்கள் போவது பற்றி மார்க்கம் படித்த உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, ஒப்பாரி இல்லாமல் ஒழுக்கமாகப் போனால் பலர் தடுப்பதில்லை என்று விளக்கிவிட்டு, கடைசியில் என்னைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தடை மார்க்கமா, ஊரா?"

"ஊர்தான் ஹஸரத்."

"அப்ப ஊருக்குக் கோல் எடுங்க."

நஸீஹாவின் கூடப்பிறந்த மூத்த ராத்தா ஸரீனா மதினி நிந்தவூரில், நஸீஹா பிறந்த வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறார். வாய் கூடியவர். குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். வீடியோவில் முகம் வந்ததும் தொடங்கினார்.

"என்ன மச்சான், மெலிஞ்சி ஓணான் மாதிரி இரிக்கிங்க. சாப்பிடுற இல்லயா? அரிசி இல்லாத ஊரா அது?"

"சாப்பிடுறன் மதினி. ஒரு விசயம் கேக்கோணும்."

கேட்டேன். பாடசாலையில் பிள்ளை சொல்லி வந்த பொய்யையும், மடித்த தாளில் இருந்ததையும் சொன்னேன்.   

"மையித்து வீட்டுக்கு வந்ததா மச்சான்?"

"இல்ல. ஆஸ்பத்திரியில இருந்து நேரா பள்ளிக்கு."

"அப்ப புள்ள எப்பதான் கண்ட?"

"முதல் நாள். குழாயெல்லாம் போட்டு இருக்கக்குள்ள."

"இஞ்ச எண்டா வீட்டுக்கு வரும்" என்றார் மதினி. "நாங்க குளிப்பாட்டுவம், முகம் பார்ப்பம், வாசல் மட்டும் வந்து அனுப்புவம். மறுகாதானே நீங்க தூக்கிட்டுப் போற. அந்தப் புள்ள எங்க இரிந்து அனுப்பின? நீங்க பொம்புளைகள் போகப்படா எண்டதை மட்டும் கப்பல்ல ஏத்திட்டுப் போயிருக்கிங்க. மத்ததெல்லாம் இஞ்சயே கிடக்கு."

 பதினாறு வருடமாக ஊரைக் கூடவே கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். கொண்டு வந்தது பாதி.

"எங்கட ஸப்னாவ மறந்திட்டிங்களா?" என்று கேட்டார்.

ஸப்னா அவர்களுடைய கடைசித் தங்கை. சாய்ந்தமருதில் வாழ்க்கைப்பட்டிருந்தவள். சுனாமியில் போனாள். எனக்கும் நஸீஹாவுக்கும் கலியாணம் நடக்க முந்தி. மையித்தை எடுத்த இடத்திலேயே ஆண்கள் மற்றவர்களோடு சேர்த்து அடக்கிவிட்டு வந்து செய்தி சொன்னார்கள்.

"இருவது வருசத்துக்கு மேல ஆகிட்டு. இன்னம் யாராவது பின்னால வந்து ராத்தா எண்டு கூப்பிட்டா நான் திரும்பிப் பார்க்கிறன். உங்கட பொஞ்சாதியும் அப்பிடித்தான். உங்கட்ட சென்னாளா?"

"இல்ல மதினி."

"செல்ல மாட்டாள். நாங்க அடக்கின இடத்தக் காணல்ல மச்சான். காணாட்டி மனசு நம்பாது." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு பழைய குரல் வந்துவிட்டது. "என்னட்ட என்ன பெர்மிசன் கேட்டுட்டு இரிக்கிங்க? கூட்டிட்டுப் போங்க. போய் எனக்கும் ஒரு போட்டோ அனுப்புங்க. நானும் என்ட தங்கச்சிட கபுற இன்னம் காணல்ல."

ஊரில் இருந்தும் வேறு நாடுகளில் இருந்தும் இதை வாசிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். உதவி இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கடிதத்தைத் திறந்து பாருங்கள். நீங்கள் இருக்கிற மாநிலத்துக்கோ மாவட்டத்துக்கோ உரிய இலக்கத்தைக் கேளுங்கள். பிழையான இடத்துக்கு அடித்தாலும் சரியான இடத்தைச் சொல்வார்கள். தமிழில் கதைக்கக் கேளுங்கள், வெட்கமில்லை. குடும்ப வைத்தியரிடம் வயிற்றுவலியைச் சொல்கிற மாதிரியே இதையும் சொல்லுங்கள். பிள்ளையின் பாடசாலைக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். இவற்றையெல்லாம் நான் ஒன்பது மாதம் பிந்திச் செய்தேன். பிந்தியும் பலித்தது.

6

ஞாயிற்றுக்கிழமை போனோம். ஹனா நஸீஹாவின் கறுப்பு அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்தாள். மையவாடி வீட்டில் இருந்து ஒரு மணித்தியால ஓட்டம். பெரிய பொது மயானத்தின் ஒரு மூலையில் நம்மவர்களுக்கு ஒதுக்கிய நிலம். வரிசை வரிசையாகச் சிறிய பலகைகள். காற்று பலமாக அடித்தது. அடக்கிய அன்று எந்தப் பாதையால் வந்தேன் என்பது எனக்கு நினைவில்லை. வரிசையைப் பிழையாக எண்ணி, யாரோ ஒரு முதியவரின் கபுறடியில் போய் நின்றேன்.

"வாப்பா, அது வேற ஆள்" என்றாள் ஹனா. அவள்தான் பலகைகளை வாசித்துக்கொண்டு போய் இரண்டு வரிசை தள்ளிக் கண்டுபிடித்தாள். பெயரைக் கண்டதும் அப்படியே நின்றாள். குனிந்து எழுத்தின் மேல் விரலை ஓட்டினாள்.

"இஞ்சயா?"

"ஓம் மகள். இஞ்சதான்."

"உம்மாட பக்கத்தில யாரு?"

பார்த்தேன். பொஸ்னியப் பெயர் ஒன்று, ஒரு பெண்ணுடையது. சொன்னேன். "அப்ப தனிய இல்ல" என்றாள் ஹனா.

நான் யாஸீன் ஓதினேன். பக்கத்தில் நின்று அவளும் தனக்குப் பாடமானதை ஓதினாள். துஆ முடிந்ததும் போகலாமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவள் கேட்டாள், "நான் உம்மாட்டக் கதைக்கலாமா?"

இங்கே வந்தால் ஓதுவதுதான், கதைப்பதில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. அதே குரல், வாசலில் நின்று சொன்ன அதே குரல். அதை விழுங்கினேன்.

"கதை மகள்."

"நீங்க அங்கால போங்க."

அங்கே ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. அதனடியில் போய் நின்றேன். அவள் நிலத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை, எந்த மொழியில் கதைக்கிறாள் என்பதுகூடத் தெரியவில்லை. கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தாள். ஒரு தரம் அழுதாள், தோள் குலுங்கியது. அவளிடம் ஓடிப் போகப் பார்த்து நின்றுவிட்டேன். பிறகு ஏதோ முறைப்பாடு சொல்வது போல என் பக்கம் கையைக் காட்டினாள். அது முடிந்து சிரித்தாள் என்றும் நினைக்கிறேன். அவள் இவ்வளவு நீளமாக யாரிடமும் கதைத்து நான் கண்டு எவ்வளவோ காலம்.

எழுந்து வந்தபோது அபாயாவெல்லாம் புல். தட்டிவிட்டேன். காருக்குப் போகத் திரும்பினேன்.

"எங்க போறீங்க? இப்ப நீங்க."

"என்ன?"

"உங்கட டேர்ன். நான் இதில நிக்கிறன்."

"வாப்பா ஓதிட்டன் மகள்."

"ஓதினது கேட்டது. கதைக்கல்ல நீங்க."

"என்னத்தக் கதைக்கிற?"

"அது உங்கட பிரச்சின" என்றாள். முதுகில் கை வைத்து என்னைத் தள்ளினாள்.

போய் நின்றேன். திரும்பிப் பார்த்தால், நான் ஏமாற்றுகிறேனா என்று கண்காணிப்பவள் போலக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். மண்ணைப் பார்த்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "நஸீஹா" என்றேன். அவள் போன பிறகு அந்தப் பெயரைச் சொல்லி அவளை நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கூப்பிட்ட பிறகு கொஞ்சம் இலேசாக இருந்தது. புள்ள வளர்ந்துவிட்டாள், உன் அபாயா அவளுக்கு இப்போது அளவு என்றேன். பிந்திவிட்டேன், மன்னித்துக்கொள் என்றேன். சொல்ல இன்னும் நிறைய இருந்தது. வெயில் ஏறிவிட்டது. குழாயடியில் நின்ற மகள் என்னை அவசரப்படுத்தவில்லை.